பிள்ளைக்காகப் பேசுவார் யார்?

விழா மலர்கள் பெரும்பாலும் சென்ற காலத்தின் பெருமையைப் பேசுவன. அது முறையே. நிறுவினோரை நினைத்தலும், கற்பித்தோரை வாழ்த்துதலும், உடன் பயின்றோரை விசாரித்தலும் நன்றியறிதலின் பாற்பட்டன. எனினும், பழைய மாணவர் கூடி ஒரு மலரை வெளியிடும்போது, இனிச் செய்யவேண்டிய கடமை ஒன்றையேனும் அதில் எழுதிவைத்தல் நன்றென யாம் கருதுகின்றோம். அவ்வகையில் வன்னிப் பெருநிலத்து இளையோரைப் பற்றிய ஒரு கடமையை நம்மவர் முன் வைக்க விழைகின்றோம்.

நம் கல்லூரி போன்ற இந்துக் கல்லூரிகள் ஆசிரியரையும், வைத்தியரையும், எந்திரியரையும், அரசாங்க உத்தியோகத்தரையும் நாட்டுக்கு அளித்தன, சட்டத்தரணிகளையும் அளித்தன. அப்புக்காத்துமார் என்றும் பிரக்கிராசிமார் என்றும் ஒருகாலத்தில் இருவகையாய் நின்ற அத்தொழில், 1973ஆம் ஆண்டின் நீதி நிர்வாகச் சட்டத்தின் பின் சட்டத்தரணி என்னும் ஒரே பெயரின்கீழ் வந்தது. காணி வழக்கிலும், கடன் வழக்கிலும், கொலை வழக்கிலும் பெயர் பெற்றோர் நம்முள் பலர் உளர். ஆனால் பெயரும் பொருளும் தராத மன்று ஒன்று உண்டு. அங்கே வாதாடுவோரைப் பத்திரிகை புகழ்வதில்லை. அங்கு நிற்கும் கட்சிக்காரரிடம் கொடுக்கப் பணமுமில்லை. பல வேளைகளில் தம் வழக்கைத் தாமே எடுத்துரைக்கும் சொல்லுமில்லை. அதுவே சிறுவர் நீதிமன்று. அம்மன்றில் இளையோர்க்காக வழக்குரைத்தல் ஒரு தனிக் கல்வி என்பதும், அக்கல்வியை நம் நாட்டிளைஞர்க்கு நாமே ஊட்டத் தொடங்குதல் வேண்டும் என்பதுமே யாம் கூறவந்தன.

சிறுவர் நீதிமன்று புதிதாய் எழுந்ததொன்றன்று. இலங்கையில் 1939ஆம் ஆண்டின் 48ஆம் இலக்கச் சிறுவர், இளைஞர் கட்டளைச் சட்டம் அதற்கு வழிவகுத்தது. வளர்ந்தோர் வழக்குகள் நடைபெறும் வேளையிலும் அறையிலும் பிள்ளைகளை விசாரித்தலாகாது. வழக்கோடு தொடர்பில்லாதார் உள்ளே இருத்தலாகாது. பிள்ளையின் பெயரைப் பத்திரிகைகள் வெளியிடலாகாது. குற்றச்சாட்டின் பொருளைப் பிள்ளைக்கு எளிய மொழியில் விளக்குதல் மன்றின் கடமை என்பன அச்சட்டத்தின் நோக்கங்கள். தனிச் சிறுவர் நீதிமன்று அமையாத இடங்களில் நீதவான் நீதிமன்றே சிறுவர் நீதிமன்றாய் அமர்கின்றது. ஆகவே வவுனியாவிலும் கிளிநொச்சியிலும் முல்லைத்தீவிலும் காலையில் களவு வழக்கையும் கசிப்பு வழக்கையும் கேட்கும் நீதவானே, பிறிதொரு வேளையில் பிள்ளையின் வழக்கையும் கேட்கவேண்டியவராகின்றார். அவர் மனம் கனிந்தவராகவே இருக்கலாம். ஆயினும் கனிந்த மனத்துக்கும் உண்மையை எடுத்துக்காட்ட ஒருவர் வேண்டுமன்றோ?

நம் நாட்டுப் பிள்ளைகளின் வாயில் எப்போதும் வழங்கும் ஒரு சொல்லை இங்கே எண்ணிப் பார்த்தல் தகும். பெரியோர் எதைக் கேட்டாலும் "ஓம்" என்று விடையிறுக்கப் பிள்ளையைப் பழக்குகின்றோம். ஆசிரியர் "விளங்கியதா?" என்று கேட்கின்றார், விளங்காத பிள்ளையும் "ஓம் சேர்" என்கின்றது. தகப்பனார் "இனிச் செய்வாயா?" என்று அதட்டும்போது, எதைச் செய்ததென்று அறியாத பிள்ளையும் தலை குனிந்து நிற்கின்றது. வீட்டிலும் பள்ளியிலும் இது பணிவு. நீதிமன்றிலோ இது வேறாகின்றது. "தம்பி, நீ இதைச் செய்தாயா?" என்று மன்று கேட்க, "ஓம் ஐயா" என்று பிள்ளை சொல்லுமாயின், அச்சொல் குற்ற ஒப்புதலாய் ஏட்டில் ஏறுகின்றது. பொலிசாரிடம் கூறிய குற்ற ஒப்புதலைச் சாதாரண வழக்கில் ஒருவருக்கு எதிராக எண்பிக்கலாகாதெனச் சாட்சிக் கட்டளைச் சட்டம் காவல் செய்கின்றது. ஆனால் திறந்த மன்றிலோ மூடிய மன்றிலோ நீதவான் முன் பிள்ளை தானே சொல்லும் "ஓம்" என்பதற்கு அக்காவல் இல்லை. அச்சொல் பிறக்குமுன் பிள்ளையின் அருகிலிருந்து, "நீ கேட்கப்படுவது இது, இதற்கு ஓம் என்றால் வருவது இது, இல்லை என்றால் வருவது இது" என்று விளக்குபவர் ஒருவர் இருத்தல் வேண்டும். அவரே பயின்ற சட்டத்தரணி.

அருகில் இருப்போர் சொல்லும் அறிவுரையும் பெரும்பாலும் இந்த "ஓம்" என்பதையே வலியுறுத்துகின்றது. "ஒப்புக்கொள், தண்டத்தைக் கட்டிவிட்டு வீட்டுக்குப் போகலாம், தவணை தவணையாய் அலைவதேன்?" என்று உறவினரும் அயலாரும் சொல்வர். அவர்கள் தீயோரல்லர். ஒட்டுசுட்டானிலிருந்தோ துணுக்காயிலிருந்தோ பஸ் ஏறி மன்றுக்கு வந்துபோவதற்கு ஒரு நாட்கூலி இழக்கப்படுவதை அவர்கள் அறிவர். ஆயினும் அன்றைய சுகத்துக்காகப் பெற்ற அந்த முடிவு, பின்னர் அப்பிள்ளை தொழிலுக்கு விண்ணப்பிக்கும்போதும், வெளிநாடு செல்லப் பொலிஸ் நற்சான்று கேட்கும்போதும், மறுபடியும் ஏதேனும் ஒரு களவு நிகழ்ந்து "முன்னரும் பிடிபட்டவன்" என்று விரல் நீட்டப்படும்போதும் தொடர்ந்து வருமென்பதை எடுத்துரைப்பார் இலர்.

வன்னியின் நிலைமையையும் ஈண்டுக் கருதுதல் வேண்டும். 2009ஆம் ஆண்டு மே மாதம் போர் முடிவுற்றபோது வன்னி மக்கள் ஏறக்குறைய 3 இலட்சம் பேர் முகாம்களில் இருந்தனர். அவருட் பெரும்பாலோரைக் கொண்டிருந்த செட்டிகுளம் மெனிக்பாம் முகாம் 2012 செத்தெம்பரிலேயே மூடப்பட்டது. வயல் திரும்பியது, குளங்கள் திருத்தப்பட்டன, ஏ 9 வீதி செப்பனிடப்பட்டது. ஆனால் குடும்பங்கள் அவ்வளவு விரைவில் செப்பனிடப்படவில்லை. தகப்பனை இழந்த வீடும், தாய் மத்திய கிழக்கு நாடொன்றில் பணிசெய்ய அம்மம்மா பிள்ளைகளைப் பார்க்கும் வீடும் வன்னியில் அரியனவல்ல. இத்தகைய வீட்டுப் பிள்ளைக்குச் சிறு பணம் கொடுத்து, மணல் ஏற்றும் உழவு இயந்திரத்தில் ஏற்றிவிடுதலும், கசிப்புக் கலனைச் சுமக்கவிடுதலும், கஞ்சாப் பொதியை ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்குக் கொண்டுபோகச் செய்தலும் பெரியவர்க்கு எளிது. பிடிபடும்போது பிடிபடுபவன் சிறுவன். அனுப்பியவர் பெயரைச் சொல்ல அவனுக்கு அச்சம். மன்றுக்கு வருபவர் முதிய அம்மம்மா ஒருவரே. இவ்வேளையில் அச்சிறுவன் குற்றவாளியோ, பிறரால் பயன்படுத்தப்பட்டவனோ என்ற கேள்வியைக் கேட்கத் தெரிந்த ஒருவர் மன்றில் இல்லையாயின், கேள்வி எழாமலே தீர்ப்பு எழுந்துவிடும்.

"நீதவான் இருக்கின்றார், நன்னடத்தை உத்தியோகத்தர் இருக்கின்றார், எல்லோரும் பிள்ளையின் நன்மையையே நாடுகின்றனர், இடையில் சட்டத்தரணி எதற்கு? அவர் வந்தால் பிள்ளைக்குப் பொய் சொல்லக் கற்பிப்பாரன்றோ?" என்று கூறுவாரும் உளர். இக்கூற்று புதியதன்று. அமெரிக்காவின் சிக்காகோ நகரில் 1899ஆம் ஆண்டு அந்நாட்டின் முதலாவது சிறுவர் நீதிமன்று நிறுவப்பட்டபோது, அதனை நிறுவிய நல்லோரும் ஏறக்குறைய இவ்வாறே எண்ணினர். மன்று ஒரு தந்தையைப் போன்றது. தந்தையோடு பேசப் பிள்ளைக்கு வக்கீல் வேண்டா என்பது அவர் கருத்து.

அக்கருத்து எங்கே கொண்டுபோய் விட்டதென்பதை 1964ஆம் ஆண்டு அரிசோனா மாநிலத்தில் நிகழ்ந்த வழக்கொன்று காட்டிற்று. ஜெரால்ட் கோல்ட் என்னும் 15 வயதுச் சிறுவன், அயலிலிருந்த பெண்மணி ஒருவரிடம் தொலைபேசியில் தகாத சொற்களைப் பேசினான் எனப் பிடிக்கப்பட்டான். முறையிட்ட பெண்மணி மன்றுக்கு வரவேயில்லை. நடந்த விசாரணை எழுதிவைக்கப்படவுமில்லை. சிறுவனுக்காக வழக்குரைப்பார் ஒருவருமிலர். முடிவில், 21 வயது நிரம்பும்வரை, அதாவது ஆறாண்டு காலமளவும், சீர்திருத்தப் பாடசாலையில் இருத்தப்பட வேண்டுமெனக் கட்டளையிடப்பட்டது. அதே குற்றத்தை வளர்ந்த ஒருவர் புரிந்திருப்பின், அம்மாநிலச் சட்டப்படி அவர்க்குரிய உச்சத் தண்டனை 50 டொலர் தண்டம் அல்லது இரண்டு மாத மறியல்! 1967 மே மாதம் 15ஆம் நாள் அமெரிக்க உயர் நீதிமன்று இதனை நீக்கி, சிறுவர் நீதிமன்றிலும் பிள்ளைக்குச் சட்டத்தரணி பெறும் உரிமை உண்டெனத் தீர்த்தது. இவ்வழக்கு நமக்குக் கற்பிப்பது யாதெனில், அன்பின் பெயரால் நடக்கும் விசாரணையும் ஒருவர் எதிர்த்துக் கேளாதவிடத்துக் கொடிதாகக்கூடும் என்பதே.

இதனை அமெரிக்காவிலிருந்துதான் கற்கவேண்டுமோ? வைகாசித் திங்களில் வற்றாப்பளைக்குப் பொங்கலுக்குச் செல்லாத வன்னிக் குடும்பம் எது? நந்திக்கடல் ஓரத்தில், கடல்நீரில் விளக்கெரியும் அக்கோவிலில் நாம் வழிபடுவது கண்ணகையம்மனை. மதுரையை எரித்தபின் அம்மை அங்கு வந்தமர்ந்தாள் என்பது நம் முன்னோர் வழிவழிக் கூறிவந்த செய்தி. சிலப்பதிகாரக் கதையை அறிந்தோர் ஒன்றை நோக்குக. கோவலனைக் குற்றவாளி என்றவன் ஒரு பொற்கொல்லன். ஆராயாது கட்டளையிட்டவன் ஓர் அரசன். கோவலனுக்காகப் பேசுவார் ஒருவரும் அங்கிலர். கண்ணகி வந்து சிலம்பை உடைத்து வழக்கை வென்றாள். ஆனால் வென்ற வேளையில் அவள் கணவன் உயிரோடில்லை. வழக்குரைத்தல் தீர்ப்பின் முன் நிகழவேண்டும் என்பதை இதனினும் விளங்கச் சொல்லும் கதை வேறில்லை.

பெரியபுராணம் கூறும் மனுநீதிகண்ட சோழன் வரலாற்றையும் எண்ணுக. கன்றின்மேல் தேரூர்ந்த அரசிளங்குமரனுக்கு மாற்று வழி உண்டெனவும், கழுவாய் செய்யலாமெனவும் அமைச்சர் எடுத்துரைத்தனர். அரசன் அதனை ஏற்கவில்லை, ஆயினும் கேட்டான். அரசனின் மகனுக்கு அமைச்சர் பேசினர். விசுவமடுவில் கூலிவேலை செய்பவரின் மகனுக்கு யார் பேசுவார் என்பதே நம் கேள்வி.

இனி, சட்டத்தரணி என்னும் பெயர் பெற்றவர் எவரும் போதாரோ எனின், போதார் என்பதே எம் துணிபு. வளர்ந்தோர் வழக்கில் திறம் மிக்கவர் சிறுவர் வழக்கில் தடுமாறுதல் உண்டு. காரணம் பல.

முதலாவது, கட்சிக்காரர் யார் என்பது. பணம் கொடுப்பவர் தகப்பனாராயிருப்பார், பேசுபவர் மாமனாராயிருப்பார், ஆனால் கட்சிக்காரர் பிள்ளையே. பெற்றோரைச் சற்று வெளியே இருக்கச் சொல்லிப் பிள்ளையோடு தனித்துப் பேசவேண்டும். நம் ஊரில் இது எளிதன்று. "என் பிள்ளை என்னிடம் சொல்லாததை உம்மிடம் சொல்லுமோ?" என்று தாய் கேட்பாள். அவளை மனம் நோகாமல் விலக்கவும், பிள்ளை அஞ்சாமல் வாய் திறக்கவும் செய்தல் பயிற்சியினாலன்றி வாராது.

இரண்டாவது, வயது. நம் தண்டனைச் சட்டக்கோவை 1883ஆம் ஆண்டுக்குரியது. அதன்படி 8 வயதுக்குட்பட்ட பிள்ளையின் செயல் மாத்திரமே குற்றமாகாதென நெடுங்காலம் இருந்தது. 2018ஆம் ஆண்டின் 10ஆம் இலக்கத் திருத்தச் சட்டம் அவ்வெல்லையை 12 ஆக உயர்த்திற்று. 12 வயதுக்கும் 14 வயதுக்கும் இடைப்பட்ட பிள்ளை, தன் செயலின் இயல்பையும் விளைவையும் உணரும் முதிர்ச்சி பெற்றதா என்பதும் ஆராயப்பட வேண்டும். ஆதலின் பிள்ளையின் பிறந்த நாளே சில வேளைகளில் வழக்கு முழுவதையும் தீர்க்கவல்லது. போரிலும் இடப்பெயர்விலும் பத்திரங்களை இழந்த நாட்டில், பிறப்புப் பதிவு காலந்தாழ்த்திச் செய்யப்பட்ட வீட்டில், வயதை நிறுவுதல் தானே ஒரு கலை. பாடசாலைச் சேர்வு இடாப்பு, தடுப்பூசி அட்டை, உத்தேச வயதுச் சான்றிதழ், கிராம அலுவலரின் பதிவு ஆகியவற்றை எங்கே தேடுவது, எதற்கு எவ்வளவு வலிமை உண்டு என்பன சட்டத்தரணி அறிந்திருக்க வேண்டியன.

மூன்றாவது, முதல் மணித்தியாலங்கள். பொலிஸ் நிலையத்தில் பிள்ளை வளர்ந்த கைதிகளோடு வைக்கப்படலாகாதென்பது சட்டம். அது நடைபெறுகின்றதா என்பதைச் சென்று பார்ப்பவரே அறிவார். மறுநாள் மன்றில் எழுந்து நிற்பதோடு தம் கடமை தொடங்குகின்றதென எண்ணுபவர், பிள்ளைக்குரிய பாதி வழக்கைத் தொடங்குமுன்னரே இழந்துவிடுகின்றார்.

நான்காவது, நன்னடத்தை உத்தியோகத்தரின் அறிக்கை. சிறுவர் வழக்கில் தீர்ப்பின் பின்னர் எழும் கேள்வியே பெரிது: பிள்ளையை என் செய்வது? எச்சரித்து விடுதல், பெற்றோரிடம் பிணைமுறி பெற்று ஒப்படைத்தல், நன்னடத்தைக் கண்காணிப்பில் வைத்தல், தகுந்த ஒருவரின் பொறுப்பில் விடுதல், சான்றுபெற்ற பாடசாலைக்கு அனுப்புதல் எனப் பல வழிகள் உள. அச்சுவேலியிலுள்ள சான்றுபெற்ற பாடசாலைக்கு முல்லைத்தீவுப் பிள்ளை அனுப்பப்படின், அதனைப் பார்க்கப் போகும் அம்மம்மாவுக்கு அது ஒருநாட் பயணம். ஆகவே அறிக்கையில் "வீட்டுச் சூழல் உகந்ததன்று" என்னும் ஒரு வரி எதனால் எழுதப்பட்டது, வீட்டுக்கு எத்தனை முறை சென்று பார்க்கப்பட்டது, வகுப்பாசிரியரிடம் கேட்கப்பட்டதா, பெரியதாய் சிறியதாய் வீடேனும் உண்டா என்றெல்லாம் பணிவோடும் உறுதியோடும் கேட்கத் தெரிதல் வேண்டும். உத்தியோகத்தரைப் பகைத்தல் நோக்கமன்று. சுமை மிக்க அவர் கையிலிருந்து தவறிய உண்மையை எடுத்து மன்றின்முன் வைத்தலே நோக்கம்.

ஐந்தாவது, இளையோர் மனம். 15 வயதினன் ஆபத்தை நாற்பது வயதினரைப் போல் நிறுத்துப் பார்ப்பதில்லை. தோழரின் முன் தாழ்ந்துபோகாமையே அவனுக்குப் பெரிது. இழப்பும் அச்சமும் நிறைந்த வீட்டில் வளர்ந்த பிள்ளை, கேள்விக்கு விடை கூறாது சுவரை வெறித்து நிற்பதுமுண்டு. அறியாதார் அதனைத் திமிர் என்பர். இம்மனநூல் அறிவைச் சட்ட நூல்கள் கற்பிப்பதில்லை. மருத்துவரும் ஆசிரியரும் உளவளத் துணையாளரும் வந்து கற்பித்தல் வேண்டும்.

பிற நாடுகள் இதனை உணர்ந்துள்ளன. தென்னாபிரிக்காவின் 2008ஆம் ஆண்டுச் சிறுவர் நீதிச் சட்டம், பிள்ளை தானே "எனக்குச் சட்டத்தரணி வேண்டா" என்று கூறினும் அவ்வுரிமையைத் துறக்க இடமளிப்பதில்லை. இங்கிலாந்தில் இளையோர் நீதி முறையை ஆராய்ந்து சார்ளி டெயிலர் 2016இல் சமர்ப்பித்த அறிக்கை, இளையோர் மன்றில் தோன்றும் சட்டவாதிகளுக்குப் பயிற்சி கட்டாயமாதல் வேண்டுமென விதந்துரைத்தது. அதன்பின், அத்தகைய மன்றில் தோன்றும் பாரிஸ்டர்கள் தம்மைப் பதிவுசெய்து, அதற்குரிய தகைமை தமக்குண்டென உறுதி கூறும் முறை அங்கு வந்தது. அண்டை நாட்டில், 1920ஆம் ஆண்டிலேயே சென்னை மாகாணம் சிறுவர்க்கெனத் தனிச் சட்டம் இயற்றி இந்திய மாகாணங்களுக்கு முன்னோடியாய் நின்றது. இன்று அந்நாட்டில் நீதவான் ஒருவரும் சமூகப் பணியாளர் இருவரும் சேர்ந்தமரும் இளைஞர் நீதிக் குழுமங்கள் இயங்குகின்றன. வழிகள் வேறுபடலாம், பிள்ளையின் வழக்குக்குத் தனித் திறமை வேண்டுமென்பதில் அவை ஒன்றுபடுகின்றன.

நம் மண்ணிலும் ஒரு சான்று உண்டு. போர் முடிந்தபோது ஆயுதக் குழுவிற் சேர்ந்திருந்தோராய்ச் சரணடைந்த சிறுவர் சிறுமியர் 594 பேர் மீது வழக்குத் தொடராது, அவர்களைப் புனர்வாழ்வுக்கு அனுப்பும் வழியை அரசு மேற்கொண்டது. அவருட் பலர், இரத்மலானையிலுள்ள கொழும்பு இந்துக் கல்லூரியில் அமைக்கப்பட்ட நிலையத்திலிருந்து மீண்டும் பாடநூலைக் கையிலெடுத்தனர். 2010ஆம் ஆண்டளவில் அவர்கள் குடும்பங்களோடு சேர்க்கப்பட்டனர். ஓர் இந்துக் கல்லூரியின் கூரை அப்பிள்ளைகளுக்கு நிழலாயிருந்ததென்பது நாம் மறக்கலாகாத செய்தி. துப்பாக்கி ஏந்திய பிள்ளையையே பிள்ளையென்று கண்டு நடத்த இயலுமாயின், மணற் பாரத்தில் ஏறிப் பிடிபட்ட பிள்ளையைப் பிள்ளையென்று காண்பது எவ்வாறு அரிதாகும்? ஆயினும் ஒரு வேறுபாடு உண்டு. அன்று நிகழ்ந்தது அரசின் தீர்மானம். தீர்மானங்கள் காலத்துக்குக் காலம் மாறலாம். தனித்தனிப் பிள்ளையின் உரிமையோ, அதனை எடுத்துரைப்பவர் இருக்கும்வரையே நிலைக்கும்.

அவ்வுரிமை சட்டத்தில் இல்லாமலில்லை. குற்றஞ் சாட்டப்பட்ட எவரும் சட்டத்தரணி மூலம் கேட்கப்படும் உரித்துடையர் என்பது நம் அரசியலமைப்பின் 13ஆம் உறுப்புரையில் உண்டு. இலங்கை 1991இல் ஏற்றுக்கொண்ட சிறுவர் உரிமைச் சமவாயம், சுதந்திரம் பறிக்கப்பட்ட பிள்ளைக்கு உடன் சட்டத் துணை கிடைக்கவேண்டும் என்கின்றது. 2007ஆம் ஆண்டின் 56ஆம் இலக்கச் சட்டம், பொருளற்றவர்க்கு நீதியின் நலன் வேண்டுமிடத்து இலவசமாகச் சட்டத்துணை அளிக்கப்படவேண்டும் எனவும், பிள்ளைகள் பற்றிய எவ்விடயத்திலும் பிள்ளையின் நலனே தலையாயது எனவும் கூறுகின்றது. 1978ஆம் ஆண்டுச் சட்டத்தால் நிறுவப்பட்ட சட்ட உதவி ஆணைக்குழுவும் பணிபுரிகின்றது. ஏட்டில் எழுதப்பட்ட உரிமையை மன்றில் நின்று கேட்கப் பயின்றோரை ஆக்குவதே எஞ்சிய வேலை. வடக்கிலும் கிழக்கிலும் நீதிமன்ற மொழி தமிழாயிருக்க, உயர் மன்றுகளின் தீர்ப்புக்களும் பிறநாட்டு நூல்களும் பெரும்பாலும் ஆங்கிலத்திலிருத்தலின், தமிழிற் பயின்ற இளஞ் சட்டத்தரணிக்கு இவ்வேலை இரட்டைச் சுமையாகின்றது.

நாம் செய்யக்கூடியவை யாவை? பெரிய திட்டங்களை வரைந்து பெட்டியில் வைத்தலினும் சிறியதொன்றைத் தொடங்குதல் மேல். பாடசாலை விடுமுறைக் காலத்தில், நம் கல்லூரி மண்டபத்தில் ஐந்து நாள் பயிற்சி வகுப்பொன்றை ஆண்டுதோறும் நடாத்தலாம். தொழிலுக்குப் புதியோரும், சட்டக் கல்லூரியில் பயின்று ஆறு மாதத் தொழிற்பயிற்சியில் இருப்போரும், யாழ்ப்பாணப் பல்கலைக்கழகச் சட்டத்துறை மாணவரும் அதற்கு அழைக்கப்படலாம். ஓய்வுபெற்ற நீதிபதிகளும், நன்னடத்தை உத்தியோகத்தரும், மனநல மருத்துவரும், ஆசிரியரும் கற்பிக்கட்டும். போலி மன்று அமைத்து, பிள்ளையிடம் கேள்வி கேட்கும் முறையைப் பழகட்டும். பத்திரத்தைத் தேடும் முறையைப் பழகட்டும். அறிக்கையை ஆராயும் முறையைப் பழகட்டும். அப்பயிற்சியின் பயனாய்த் தமிழில் ஒரு கைந்நூல் வெளிவருதல் வேண்டும்.

அடுத்து, பயின்றோரின் முறைப்பட்டியல் ஒன்று வேண்டும். வவுனியா, கிளிநொச்சி, முல்லைத்தீவு ஆகிய மூன்று மன்றுகளுக்கும், சிறுவர் வழக்கு எடுக்கப்படும் நாட்களில் ஒருவரேனும் ஆயத்தமாய் இருத்தல் வேண்டும். இரவில் பொலிஸ் நிலையத்திலிருந்து ஒரு தாய் அழைத்தாற் செல்லவும் ஒருவர் வேண்டும். இதனைச் சட்ட உதவி ஆணைக்குழுவோடும் சட்டத்தரணிகள் சங்கங்களோடும் இணைந்தே செய்யலாம், அவர்க்குப் போட்டியாயன்று. பயணச் செலவையும் சிறு வேதனத்தையும் பழைய மாணவர் நிதி ஏற்கலாம். கொழும்பிலும், இலண்டனிலும், தொறன்றோவிலும், மெல்பேணிலும் வாழும் நம்மவர் கட்டடங்களுக்கு வாரி வழங்கியதை அறிவோம். கட்டடத்தில் பெயர் பொறிக்கலாம். இவ்வறத்தில் பெயர் பொறிக்க இடமில்லை. காக்கப்பட்ட பிள்ளையின் பெயரையும் சட்டம் வெளியிட விடாது. ஆயினும் இது கட்டடத்திற் குறைந்த தருமமன்று.

பயின்றவர் வன்னியை விட்டுக் கொழும்புக்குப் போய்விடுவாரே என்னும் ஐயம் நியாயமானதே. வன்னியிற் பிறந்து சட்டம் பயிலும் மாணவருக்குப் புலமைப் பரிசில் அளித்து, தொழில் தொடங்கும் முதலிரண்டு ஆண்டுகளையேனும் இம்மன்றுகளிற் கழிக்க அவரிடம் வாக்குப் பெறலாம். எல்லோரும் நிலையார், சிலர் நிற்பர். அச்சிலரே போதிய தொடக்கம்.

"களவு கொடுத்தவன் நிலை என்ன? அடிபட்டவன் கண்ணீருக்கு என்ன விடை?" என்று கேட்பாருக்கும் விடை கூறக் கடமைப்பட்டுள்ளோம். பிள்ளைக்காக வழக்குரைத்தல் குற்றத்தை மறைத்தலன்று. பயின்ற சட்டத்தரணி, செய்தவனிடம் செய்ததை உணரச் செய்து, இழந்தவர்க்கு ஈடு கொடுக்கும் வழியையும் நாடுவார். செய்யாதவன் தண்டிக்கப்படும்போது செய்தவன் வெளியே திரிகின்றான். அதனால் இழந்தவர்க்கும் நீதியில்லை. கசிப்புக் கலனைச் சுமந்தவனை மட்டும் தண்டித்து, சுமக்கவைத்தவரை விட்டுவிடும் முறையினால் ஊரும் திருந்தப் போவதில்லை.

ஆசிரியப் பெருமக்களுக்கு ஒரு வேண்டுகோள். மன்றில் நிற்கும் பிள்ளை நம் வகுப்பு இடாப்பிற் பெயருள்ள பிள்ளை. அதன் வரவையும் ஒழுக்கத்தையும் பற்றி உண்மையாய் எழுதப்பட்ட ஒரு கடிதம், பயின்ற சட்டத்தரணியின் கையில் பெருந்துணையாகும். வழக்கு முடிந்து மீளும் பிள்ளையை "வழக்குக்காரன்" என்று அழையாது முன்னிருந்த வாங்கிலேயே இருத்துதல், எந்தத் தீர்ப்பினும் பெரிய தீர்ப்பு.

மாணவ இளைஞர்க்கும் ஒன்று. நீங்கள் வைத்தியராகவும் எந்திரியராகவும் விரும்புகின்றீர்கள், நன்று. உங்களுள் சிலரேனும் சட்டம் பயில்க. பயில்வோர் பெரிய வழக்குகளைக் கனவு காண்க. அவற்றோடு, 13 வயதுப் பிள்ளை ஒன்று என்ன சொல்வதென்றறியாது நிற்கும் அச்சிறிய மன்றையும் நினைவிற் கொள்க. அங்கே அப்பிள்ளையின் தோளருகே நின்று, "அவசரப்படாதே தம்பி, முதலில் கேள்வியை விளங்கிக்கொள்" என்று சொல்ல ஒருவர் வேண்டும்.

பழைய மாணவர் சங்கத்தின் அடுத்த பொதுக்கூட்ட நிகழ்ச்சி நிரலில் இப்பயிற்சி வகுப்பு ஒரு விடயமாய் இடம்பெறுமாயின், இம்மலரில் யாம் எழுதியதன் பயனை அடைந்தோமாவோம். வன்னிப் பிள்ளைகள் நீடு வாழ்க. அவர்க்காகப் பேசும் நாவுகள் பெருகுக.